ஏ.ஐ.ஓ. பம்ப் இரண்டு விதமாகச் சத்தம் போடுகிறது, வழி சொல்லுங்கள்

தாம்வே எடிட்டர்

எல்லோருக்கும் வணக்கம். யாங்கோன் தாம்வேயில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து வருகிறேன். கம்ப்யூட்டரில் ரைசன் 7 5800எக்ஸ் சிபியூ, 240 எம்.எம். ரேடியேட்டர் உள்ள ஏ.ஐ.ஓ. கூலர் (பம்ப், ட்யூப், ரேடியேட்டர் எல்லாம் ஒன்றாகக் கோத்து, திரவம் நிரப்பி வருவது). கூலர் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. இத்தனை நாள் அது ஓடுவதே தெரியாது.

போன மாதம் கேபினெட் மாற்றினேன். பழையது மழைக்கால ஈரத்தில் துரு ஏறிவிட்டது. ஒரு கடையில் கொடுத்து எல்லாவற்றையும் புதுக் கேபினெட்டுக்கு மாற்றி வாங்கினேன். அன்றிலிருந்து சத்தம்தான்.

சத்தம் இரண்டு விதம். ஆன் செய்தவுடன் குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றுவது போலக் குளுகுளு என்று வரும். ஐந்து நிமிடத்தில் குறையும், முழுசாக நிற்காது. அப்புறம் வேலை நடக்கும்போது கிர்ர்ர் என்று ஒரு சத்தம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். சூடும் கூடிவிட்டது. சும்மா இருக்கும்போதே 60 டிகிரி. ரெண்டர் போட்டால், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றினால், 90-ஐத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

எங்கள் தெருவில் நாலு மணி நேரம் கரண்ட் இருந்தால் நாலு மணி நேரம் இருக்காது. ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை ஆன், ஆஃப். அது காரணமாக இருக்குமோ என்று ஒரு பயம். அனவ்ரதா சாலை காளியம்மன் கோயிலில் நடந்த ஒரு கல்யாணத்தின் வீடியோவை இன்னும் 12 நாளில் கொடுக்க வேண்டும். புதுக் கூலர் வாங்க இப்போது கையில் காசு இல்லை.

சிரியம் தம்பி

அண்ணே, மூன்று வருடம் என்றால் பம்ப் பேரிங் தேய்ந்திருக்கும். என் நண்பன் கம்ப்யூட்டரிலும் இதே கிர்ர் சத்தம்தான், மாற்றியதும் சரியானது. மாற்றிவிடுங்கள்.

பழைய ரங்கூன்

தம்பி, மாற்றச் சொல்வதற்கு முன்னால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாக வேண்டும். நான் முப்பது வருடம் ரேடியோ, டிவி ரிப்பேர் செய்தவன். காதில் கேட்கிற இடமும் சத்தம் பிறக்கிற இடமும் ஒன்றாக இருப்பது குறைவு. கேபினெட் தகரம் எந்தச் சத்தத்தையும் வாங்கிப் பெரிதாக்கிக் கொடுக்கும்.

எடிட்டர் தம்பி, ஒரு பழைய காலண்டர் தாளைக் கெட்டியாகச் சுருட்டிக் குழாய் மாதிரி செய்துகொள்ளுங்கள். ஒரு முனையைக் காதில் வைத்து மறு முனையை ஒவ்வொரு இடமாக நகர்த்துங்கள். பம்ப் மூடி, ரேடியேட்டரின் இரண்டு ஓரம், ஒவ்வொரு ஃபேன், கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை. எதன் மேலும் படாமல் ஒரு விரல்கடை தள்ளிப் பிடியுங்கள். ஃபேன் மேல் சந்தேகம் வந்தால் அதன் வயரைக் கழற்றி நிறுத்திப் பாருங்கள். பம்ப் வயரை மட்டும் ஓடும்போது கழற்ற வேண்டாம், சிபியூ நொடிகளில் சூடேறிவிடும்.

இன்னொன்று சொல்லுங்கள். கரண்ட் இல்லாதபோது எதில் ஓட்டுகிறீர்கள்?

தாம்வே எடிட்டர்

நன்றி ஐயா. இன்று இரவே செய்து பார்க்கிறேன். கரண்ட் போனால் யு.பி.எஸ். கொஞ்ச நேரம் தாங்கும், அதற்குள் சேமித்து அணைத்துவிடுவேன். அவசரம் என்றால் மாடியில் இருக்கும் சின்ன ஜெனரேட்டர். நடுவில் ஒரு ஸ்டெபிலைசரும் உண்டு.

மோல்மேன் அக்கா

ஐயா கேட்ட கேள்வி முக்கியமான கேள்வி. இங்கே நான் மூன்று பேருக்குப் பார்த்துக் கொடுத்ததில் ஒருவருடையது பம்பே இல்லை. யு.பி.எஸ்ஸில் ஓடும்போது மட்டும் பவர் சப்ளை உறுமியது. விலை குறைந்த யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறினால் மின் அலையைப் படிக்கட்டு மாதிரி வெட்டித்தான் கொடுக்கும். பல பவர் சப்ளைகள் அதை வாங்கும்போது பர்ர் என்று சத்தம் போடும். வீட்டுக் கரண்டுக்கு மாறியதும் அது நின்றுவிட்டால் பம்பைத் தொட வேண்டாம்.

போனில் ஒலி அலைவரிசையைக் காட்டும் இலவச ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஸ்டெபிலைசர், யு.பி.எஸ். டிரான்ஸ்ஃபார்மர்களின் உறுமல் அதன் இரு மடங்கில், 100 ஹெர்ட்ஸில், அசையாமல் நிற்கும். ஜெனரேட்டரில் ஓட்டினால் அந்த 100-ம் கொஞ்சம் தள்ளாடும். பம்ப் வேறு. நிமிடத்துக்கு 2800 சுற்று ஓடுகிறது என்றால் 60-ஆல் வகுத்தால் நொடிக்குச் சுமார் 47. அங்கேயும், இறக்கைகளின் எண்ணிக்கைப்படி அதன் மடங்குகளிலும் கோடு உயரும். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புப் பக்கத்தில்) பம்ப் வேகத்தை மாற்றும்போது கோடு கூடவே நகர்ந்தால் பம்ப்தான். நகராமல் நின்றால் வேறு எதையாவது தேடுங்கள்.

தாம்வே எடிட்டர்

இரவு பதினொரு மணிக்கு, தெரு அடங்கிய பிறகு உட்கார்ந்து கேட்டேன். குழாய் வைத்துக் கேட்பது இவ்வளவு துல்லியமாக இருக்கும் என்று நினைக்கவேயில்லை ஐயா.

ஃபேன்கள் சுத்தம், காற்றுச் சத்தம் மட்டும்தான். பவர் சப்ளையில் எதுவும் இல்லை. யு.பி.எஸ்ஸுக்கு மாற்றியபோது லேசாக ஒரு பர்ர் வந்தது, அது நான் சொன்ன சத்தம் இல்லை. பம்ப் மூடி மேலே குழாயைக் கொண்டுபோனதும் இரண்டு சத்தமும் அங்கேதான். குளுகுளுவுக்கு நடுவே சின்னச் சின்னதாக டக், டக் என்று ஏதோ மோதுவது போலக் கேட்கிறது. ட்யூபை இரண்டு விரலால் லேசாகப் பிடித்தால் அந்த டக் வரும்போதெல்லாம் விரலில் ஒரு துடிப்பு தெரிகிறது. ரேடியேட்டரில் சத்தமே இல்லை.

அக்கா, ஆப்பில் 100-ல் ஒரு சின்னக் கோடு அசையாமல் நிற்கிறது, அது ஸ்டெபிலைசர் என்று புரிந்தது. இன்னொரு கோடு 25-க்கும் 45-க்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கிறது.

மாந்தளை டி5

ஓடுகிற கோட்டுக்கு அப்புறம் வரலாம், அதில் ஒரு விஷயம் இருக்கிறது. முதலில் குளுகுளு. ரேடியேட்டர் கேபினெட்டில் எங்கே மாட்டியிருக்கிறது? மேலேயா, முன்பக்கமா, அடியிலா? பழைய கேபினெட்டில் எங்கே இருந்தது?

தாம்வே எடிட்டர்

பழையதில் மேலே. புதியதில் மேலே மாட்டினால் ராம் தட்டுகிறது என்று கடையில் அடியில் மாட்டிவிட்டார்கள்.

மாந்தளை டி5

விஷயம் அதுதான். பம்ப் சிபியூ மேல் இருக்கிறது, ரேடியேட்டர் அதற்குக் கீழே போய்விட்டது. அப்படியென்றால் உங்கள் சுற்றில் எல்லாவற்றுக்கும் உயரமான இடம் பம்ப். காற்று எப்போதும் மேலே ஏறும்.

மூடி முத்திரையிட்ட கூலருக்குள் காற்று எப்படி வந்தது என்று கேட்பீர்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கொஞ்சம் இருக்கும். அப்புறம் ரப்பர் ட்யூப் வழியாகத் திரவம் மெல்ல மெல்ல ஆவியாகிக் கசியும். கண்ணுக்குத் தெரியாது, சொட்டாது, ஆனால் வருடக் கணக்கில் குறையும். குறைந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். ரேடியேட்டர் மேலே இருந்த மூன்று வருடமும் அந்தக் காற்று ரேடியேட்டரின் ஓரத் தொட்டியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. கேபினெட்டை மாற்றியதும் அதே காற்று பம்புக்குள் குடிவந்துவிட்டது. உங்கள் விரலில் தட்டுகிற அந்த டக், இறக்கை காற்றுக் குமிழியை அடிக்கிற சத்தம். 2020-ல் கேமர்ஸ் நெக்சஸ் யூடியூப் சேனல் இதை விரிவாக விளக்கிய பிறகுதான் நிறையப் பேர் ரேடியேட்டர் இருக்கும் இடத்தைக் கவனிக்க ஆரம்பித்தார்கள்.

கரண்ட் கதைக்கும் இதில் பங்கு உண்டு. பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால் காற்றுக் கொஞ்சமாவது சுற்றில் கலைந்து போகும். நின்றதும் எல்லாக் குமிழியும் மேலே ஏறி ஒன்றுசேரும். உங்களுக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை நிற்கிறது. அதனால்தான் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அந்தக் குடத்துச் சத்தம். கரண்ட் போவதால் பம்ப் கெடவில்லை, கவலைப்பட வேண்டாம். ஆனால் இப்படியே காற்றில் சுற்றிக்கொண்டிருந்தால் கெடும். உள்ளே ஓடுகிற திரவம்தான் பேரிங்குக்கு எண்ணெய். அது இல்லாமல் சுற்றினால் தேய்மானம் வேகமாக வரும்.

உடனே இடத்தை மாற்றுங்கள். முன்பக்கம் 240 மாட்ட இடம் இருக்கிறதா?

தாம்வே எடிட்டர்

இருக்கிறது. முன்னால் மூன்று ஃபேன் இருக்கிறது. இரண்டைக் கழற்றினால் மாட்டலாம்.

சிரியம் தம்பி

அண்ணே, திரவம் குறைந்துபோனது என்றால் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாமே? ரேடியேட்டர் ஓரத்தில் ஸ்டிக்கருக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ இருக்கும் என்று ஒருவர் சொன்னார்.

பெகு பட்டறை

தம்பி, அதைச் செய்ய வேண்டாம். நான் செய்து இழந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் கூலரிலும் இதே மாதிரிச் சத்தம். ஸ்டிக்கரைக் கிழித்து ஸ்க்ரூவைத் திறந்தேன். உள்ளே அரை டம்ளர் போல இடம் காலியாக இருந்தது. குடிக்கிற பாட்டில் தண்ணீரை ஊசி போட்டு ஏற்றினேன். சத்தம் அன்றைக்கே நின்றது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். நாலு மாதம் கழித்துச் சூடு மெல்ல ஏற ஆரம்பித்தது. ஒரு நாள் ரேடியேட்டரில் ஒரு பக்கம் ட்யூப் கொதிக்கிறது, மறு பக்கம் சில்லென்று இருக்கிறது. ஓட்டமே இல்லை என்று அர்த்தம். கடைசியில் பிரித்துப் பார்த்தேன். சிபியூ மேல் உட்காரும் செம்புத் தகட்டில் முடி அளவு மெல்லிய பள்ளங்கள் வரிசையாக இருக்கும். அதில் வெள்ளையாக, ஈரச் சுண்ணாம்பு மாதிரி ஒன்று அடைத்திருந்தது. விரல் நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி வந்தது.

அப்புறம்தான் காரணத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஏ.ஐ.ஓக்களில் பெரும்பாலும் ரேடியேட்டர் அலுமினியம், தகடு செம்பு. இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். அதைத் தடுக்கத்தான் தண்ணீரில் கிளைக்கால் என்ற வேதித் திரவமும் அரிப்புத் தடுப்பு மருந்தும் சேர்த்து நிரப்பியிருக்கிறார்கள். நான் ஊற்றிய தண்ணீர் மருந்தை நீர்க்கவிட்டது. அதிலிருந்த தாது உப்பு வேறு சேர்ந்துகொண்டது. வாரண்டியும் போயிற்று. பல கம்பெனிகள் 5, 6 வருடம் வாரண்டி கொடுக்கின்றன, மூன்று வருடக் கூலரில் ஸ்டிக்கரைக் கிழிப்பது பெரிய நஷ்டம்.

எடிட்டர் அண்ணே, இடம் மாற்றினால் மட்டும் போதும். குறைந்த திரவம் குறைந்தபடியே இருக்கட்டும். காற்று ரேடியேட்டரில் உட்கார்ந்தால் எந்தக் கெடுதலும் இல்லை.

சிரியம் தம்பி

புரிந்தது அண்ணே. நல்லவேளை சொன்னீர்கள், என் கூலரிலேயே செய்து பார்க்க இருந்தேன்.

மாந்தளை டி5

முன்பக்கம் மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ரேடியேட்டரின் மேல் விளிம்பு பம்பை விட உயரத்தில் இருக்க வேண்டும். ட்யூப் எட்டினால் ட்யூப் சேருகிற பக்கம் கீழே வரும்படி மாட்டுங்கள். காற்று எதிர் முனையில், மேலே, தனியாக நிற்கும். ட்யூப் மேலே வந்தாலும் ஓடும், ஆனால் உங்களுடையது மூன்று வருடப் பழசு, திரவம் குறைந்திருக்கும். மேலே நிற்கிற காற்றை ட்யூப் மறுபடி உறிஞ்ச வாய்ப்பு உண்டு. ட்யூபை மடங்கும்படி வளைக்க வேண்டாம்.

மாட்டி முடித்ததும் பம்பை முழு வேகத்தில் வைத்துக் கேபினெட்டை மெதுவாக இந்தப் பக்கம், அந்தப் பக்கம் சாய்த்துக் கொடுங்கள். பத்து, பதினைந்து நிமிடம். அவசரம் வேண்டாம்.

மோல்மேன் அக்கா

பம்பை சிபியூவிலிருந்து கழற்றினால் நடுவில் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்டைத் துடைத்துப் புதிதாகப் போடுங்கள். நாலு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றிலும் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். சூடு 60-க்குப் போனதற்குக் காற்று மட்டும் காரணமா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

தாம்வே எடிட்டர்

ஞாயிற்றுக்கிழமை முழுதும் இதற்கே போனது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ட்யூப் மேலே வரும்படி மாட்டினேன், அதுதான் சுலபமாக எட்டியது. ஆன் செய்தேன். குளுகுளு முக்கால்வாசி குறைந்தது, ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு மடக்கு விழுங்குவது போலக் கேட்டது. மாந்தளை அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. மறுபடி கழற்றி ட்யூப் கீழே வரும்படி திருப்பினேன். கிராபிக்ஸ் கார்டின் ஓரத்தில் ட்யூப் உரசுகிறது. பழைய லோன்ஜியை (லுங்கியை) கிழித்து அந்த இடத்தில் சுற்றினேன்.

அப்புறம் கேபினெட்டைத் தரையில் தலையணை மேல் வைத்து, மனைவி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு சாய்த்தோம். முதல் தடவை முன்பக்கத்தைத் தூக்கியபோது ரேடியேட்டருக்குள் சளசளவென்று பெரிதாக ஒரு சத்தம் ஓடியது. அடுத்த தடவை அதில் பாதி. ஏழாவது, எட்டாவது தடவைக்கு எதுவும் கேட்கவில்லை. நேராக நிமிர்த்தி வைத்துக் காலண்டர் குழாயை எடுத்து பம்ப் மேல் வைத்தேன். டக் சத்தம் இல்லை. ட்யூபைப் பிடித்தால் துடிப்பு இல்லை, ஒரே சீரான அதிர்வு மட்டும்.

அக்கா, உங்கள் சந்தேகம் சரி. பம்பைத் தூக்கியபோது பழைய பேஸ்ட் மூன்று மூலைக்குப் பரவியிருந்தது, நாலாவது மூலையில் சிபியூ உலோகம் பளபளவென்று அப்படியே தெரிந்தது. ஒரு ஸ்க்ரூ பாதிதான் இறுகியிருந்தது.

இப்போது சும்மா இருக்கும்போது 45 டிகிரி. அறையே 33 டிகிரி இருக்கிறது.

ஆனால் கிர்ர்ர் போகவில்லை. ஏறுகிறது, இறங்குகிறது. குளுகுளு இல்லாததால் இது இன்னும் தெளிவாகக் கேட்கிறது.

பழைய ரங்கூன்

நல்ல வேலை தம்பி. மூன்று மூலை பேஸ்ட் என்பது கண்ணால் பார்த்தால் மட்டுமே தெரிகிற குறை.

ஏறி இறங்குகிற சத்தத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். பேரிங் தேய்ந்தால் சத்தம் எப்போதும் இருக்கும், குளிர்ந்திருக்கும்போது அதிகம் இருக்கும். கரகரப்பு கலந்திருக்கும், கூழாங்கல்லைத் தேய்ப்பது போல. பாடுவது போல ஏறி இறங்கினால் வேகம் மாறுகிறது என்று பொருள். பேரிங்கைக் குறை சொல்வதற்கு முன் வேகத்தை யார் மாற்றுகிறார்கள் என்று பாருங்கள்.

மாந்தளை டி5

நான் அப்புறம் சொல்கிறேன் என்றது இதைத்தான். பம்பின் மூன்று ஊசி வயர் மதர்போர்டில் எங்கே செருகியிருக்கிறது? அருகில் அச்சடித்த பெயரைப் படித்துச் சொல்லுங்கள்.

தாம்வே எடிட்டர்

டார்ச் அடித்துப் பார்த்தேன். சிஎச்ஏ ஃபேன் 2 என்று இருக்கிறது.

மாந்தளை டி5

அது கேபினெட் ஃபேனுக்கான இடம். பழைய கேபினெட்டில் வேறு இடத்தில் இருந்திருக்க வேண்டும். மூன்று ஊசி வயரைப் பார்த்தால் மதர்போர்டு டிசி முறைக்குப் போய்விடும். அதாவது மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும். ஃபேனுக்கு அது சரி. உங்கள் பம்ப் மாதிரியானது எப்போதும் 12 வோல்ட்டில் ஓட வேண்டியது. அதற்கு 7 வோல்ட், 9 வோல்ட் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் வேகம் மாறும்போதெல்லாம் கேபினெட் தகரத்தோடு சேர்ந்து ஒத்ததிரும். அக்கா ஆப்பில் பார்க்கச் சொன்ன கோடு 25-லிருந்து 45 வரை ஓடியது ஞாபகம் இருக்கிறதா? 60-ஆல் பெருக்கிப் பாருங்கள். 1500-லிருந்து 2700 சுற்று வரை.

மதர்போர்டில் ஏஐஓ பம்ப் என்று எழுதிய இடம் இருந்தால் அங்கே மாற்றிச் செருகுங்கள். இல்லையென்றால் இப்போது இருக்கிற இடத்திலேயே விட்டு, பயாஸில் ஃபேன் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் அந்த ஒரு இடத்தை மட்டும் முழு வேகம் என்று வையுங்கள். இந்த பம்ப் சில வாட்தான் எடுக்கும், சாதாரண ஃபேன் இடம் தாங்கும். ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற புரோகிராமைத் திறந்து வைத்துச் சுற்று எண்ணிக்கை அசையாமல் நிற்கிறதா பாருங்கள். எல்லாக் கூலரும் இப்படி இல்லை. நாலாவது ஊசி வழியாக வேகக் கட்டளை வாங்கும் பிடபிள்யூஎம் பம்புகளில் வேகத்தைக் குறைக்கலாம், அதற்காகவே செய்யப்பட்டவை அவை.

தாம்வே எடிட்டர்

ஏஐஓ பம்ப் என்று ஓர் இடம் இருந்தது, ராமுக்குப் பக்கத்தில், மேல் மூலையில். அங்கே செருகினேன். பயாஸில் முழு வேகம். 2750, 2760, 2750. வேறு எங்கும் போகவில்லை.

கிர்ர்ர் நின்றுவிட்டது. லேசான ஒரு ரீங்காரம் மட்டும் இருக்கிறது. கதவைச் சாத்தினால் அதுவும் தெரியாது.

சிரியம் தம்பி

அண்ணே, முழு வேகம் வைத்தால் சத்தம் கூடும் என்றுதான் நான் நினைத்திருப்பேன்!

பெகு பட்டறை

நானும் அப்படித்தான் நினைத்து என் பழைய கூலரில் வேகத்தைக் குறைத்து வைத்திருந்தேன்.

இன்னொரு விஷயம் எழுதியே ஆக வேண்டும். இந்த ஊரில், இந்தக் கரண்டில், ஏர் கூலர்தான் நல்லது என்பது என் கருத்து. பெரிய இரட்டைக் கோபுர ஏர் கூலர் ஒன்று 5800எக்ஸைச் சமாளிக்கும். பம்ப் இல்லை, திரவம் இல்லை. கெட்டால் ஒரு ஃபேன் மாற்றினால் போதும், அது எந்தக் கடையிலும் கிடைக்கும். நான் இழந்த பிறகு அதற்குத்தான் மாறினேன். எடிட்டர் அண்ணனுடையது இப்போது சரியாகிவிட்டது, அதை மாற்றச் சொல்லவில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

மாந்தளை டி5

பெகு நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. யாராவது என்னிடம் முதல் கம்ப்யூட்டருக்கு யோசனை கேட்டால் நானும் ஏர் கூலர்தான் சொல்வேன். ஆனால் ஏப்ரலில் மாந்தளையில் 40 டிகிரியைத் தாண்டும்போது, சிபியூ சூட்டைக் கேபினெட்டுக்குள்ளேயே கொட்டாமல் நேராக வெளியே தள்ளும்படி மாட்டிய ரேடியேட்டரின் அருமை தெரியும். நாள் முழுதும் ரெண்டர் ஓட்டுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம்.

யாங்கோன் மாணவி

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என் அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கம்ப்யூட்டரில் தனித்தனியாக வாங்கிக் கோத்த தண்ணீர் கூலிங் லூப் இருக்கிறது. பம்ப் டி5 என்ற வகை. மேஜை முழுக்க அதிர்கிறது. தண்ணீர் மட்டம் சரியாக இருக்கிறது, குமிழியும் இல்லை. பின்னால் 1 முதல் 5 வரை ஒரு சின்னத் திருகி இருக்கிறது, அது 5-ல் இருக்கிறது.

மாந்தளை டி5

தங்கச்சி, நீங்களே பாதி விடை சொல்லிவிட்டீர்கள். டி5 திருகியில் 1 என்றால் நிமிடத்துக்கு 1800 சுற்று, 5 என்றால் 4800. ஒரு சிபியூ, ஒரு கிராபிக்ஸ் கார்டு உள்ள லூப்புக்கு 2 அல்லது 3 போதும். அதற்கு மேல் வேகம் கூட்டினால் சூடு ஒன்றிரண்டு டிகிரிதான் குறையும், சத்தம்தான் கூடும். சின்ன ஸ்க்ரூடிரைவரால் 3-க்குத் திருப்புங்கள். மேலே சொன்னது போல இதற்கு வோல்ட்டைக் குறைக்க வேண்டாம், திருகியை மட்டும் பயன்படுத்துங்கள்.

அப்புறம் பம்ப் நேராகக் கேபினெட் தகரத்தில் ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிறதா பாருங்கள். அப்படியென்றால் நடுவில் மெத்தென்ற ரப்பரோ ஸ்பாஞ்சோ வையுங்கள். நான் வைத்திருப்பது செருப்புக் கடையில் வாங்கிய ரப்பர் ஷீட். இறுக்கிப் பிழிய வேண்டாம், ரப்பர் அமுங்கிவிட்டால் அதிர்வு மறுபடி தகரத்துக்குப் போய்விடும்.

என்றைக்காவது தண்ணீரை மாற்றினால் தொட்டி நிரம்பாமல் பம்பை ஒரு நொடிகூட ஓட்ட வேண்டாம். அதன் உள்ளே ஒரே ஒரு பீங்கான் உருண்டை மேல் சுழலி நிற்கிறது, நனைந்திருந்தால்தான் அது வழுக்கும்.

யாங்கோன் மாணவி

3-க்கு வைத்தேன். மேஜை அமைதியாகிவிட்டது! சூடு 1 டிகிரிதான் கூடியிருக்கிறது. ரப்பர் நாளைக்கு வாங்குகிறேன். மிகவும் நன்றி அண்ணா.

மோல்மேன் அக்கா

எடிட்டர், முழு ரெண்டர் போட்டுப் பார்த்தீர்களா? சும்மா இருக்கும் சூட்டை வைத்து முடிவு செய்ய வேண்டாம். குறைந்தது ஒரு மணி நேரம் ஓட வேண்டும். ஏ.ஐ.ஓவில் திரவம் முழுதும் சூடேற நேரம் எடுக்கும், முதல் பத்து நிமிடம் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். கரண்ட் போய் வந்த பிறகு முதல் ஆன் செய்யும்போதும் கேட்டுப் பாருங்கள். பழைய சத்தம் திரும்பினால் அப்போதுதான் திரும்பும்.

தாம்வே எடிட்டர்

நேற்று சாயங்காலம் கரண்ட் வந்ததும் கல்யாண வீடியோ முழுவதையும் ரெண்டரில் போட்டேன். இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம். அதிகபட்சம் 81 டிகிரி, ஒரு தடவைகூட 90 பக்கம் போகவில்லை. இதற்கு முன் இதே நீளமுள்ள வீடியோவுக்கு மூன்றரை மணி ஆயிற்று. நாலு மணி நேரக் கரண்டுக்குள் முடிகிறதா, முடியாதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். நேற்று பக்கத்து அறையில் படுத்துத் தூங்கினேன்.

இன்று காலை கரண்ட் வந்தபோது அக்கா சொன்னபடி குழாயோடு காத்திருந்தேன். ஆன் செய்தேன். முதல் நொடியில் ரேடியேட்டர் மேல் முனையில் மிக லேசாக ஒரு சளக். அதோடு சரி. பம்பில் எதுவும் இல்லை.

மாந்தளை டி5

அந்தச் சளக்தான் காற்று தன் இடத்தில் உட்காருகிற சத்தம். அது வரலாம், பயமில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சுற்று எண்ணிக்கையையும் ஒரு மணி நேர ரெண்டர் சூட்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அறைச் சூடு மாறாமல் இந்த 81 மட்டும் மெல்ல 85, 88 என்று ஏறினால் அப்போது புதுக் கூலருக்குக் காசு சேர்க்க ஆரம்பிக்கலாம்.

தாம்வே எடிட்டர்

காலண்டரிலேயே எழுதி வைத்துவிட்டேன் அண்ணே. 2750 சுற்று, 81 டிகிரி, அறை 33. வீடியோவை நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், நான்கு நாள் முன்னதாகவே.

பழைய ரங்கூன்

அந்தக் காலண்டர் தாளைக் கிழித்துக் குழாய் சுருட்டிவிடாதீர்கள் தம்பி. இன்னொரு வருடத் தாளை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.